போகமாட்டேன் என்னும் கோப்பு

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கையில் கண்டியில் வீடுகள் தலைகீழாகிவிடுகின்றன. பரணில் இருந்தது முற்றத்துக்கு வருகிறது. முற்றத்தில் இருந்தது தெருவோரத்துக்குப் போகிறது. கம்பி முறிந்த குடை, ஓட்டை விழுந்த அண்டா, பூஞ்சணம் பிடித்த பழைய சஞ்சிகை ஆகிய யாவும் வெயிலைக் காண்கின்றன. மகாவலியின் ஈரமும் மலைப்பனியும் கூடிய இந்நகரில் வெயில் காணாத பொருள் நெடுநாள் பிழைப்பதில்லை. ஆதலின் துப்புரவு செய்தல் இங்கே சடங்கு மட்டுமன்று, தேவையும் ஆகும்.

இக்காலத்தில் இன்னொரு பரணும் நம் வீடுகளில் ஏற்பட்டுள்ளது. அதுவே கணினி. அதனுள் ஒட்டடை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் சேருவதென்னவோ சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அதனைத் துப்புரவு செய்யப் புகுந்த ஓர் அம்மையாருக்கு நேர்ந்ததையும், அதிலிருந்து நாம் கற்றதையும் இவ்வாரம் நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

கட்டுகஸ்தோட்டையில் எமது அயலில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாழ்கிறார். அவருடைய கணவரும் ஆசிரியரே. தோட்டப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுக்கு மேல் படிப்பித்தவர்; ஓய்வு பெற்ற பின்னர் பழைய பாடசாலைப் புகைப்படங்களையும், மாணவர் எழுதிய கடிதங்களையும் ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றிச் சேமித்து வந்தார். அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் கடந்தன. கணினி மேசைமேல் துணி போர்த்தியபடி இருந்தது. ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றில், க.பொ.த. உயர்தர வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்திக்குப் பொங்கலுக்கு முன் அதனைக் கொடுத்துவிடலாம் என்று அம்மையார் தீர்மானித்தார். வேண்டிய படங்களைத் தம் மகள் வேறிடத்தில் பிரதி செய்து வைத்திருப்பதாக நம்பியமையால், உள்ளிருப்பனவற்றை எல்லாம் அழிக்கத் தொடங்கினார். எல்லாம் போயின, ஒரு கோப்புறை மட்டும் போக மறுத்தது.

"தம்பி, பத்துத் தடவை அழித்துப் பார்த்துவிட்டேன். அதுவும் அவரைப் போலவே பிடிவாதமாக இருக்கிறது" என்று நம்மிடம் கூறி அம்மையார் நகைத்தார்.

நகரில் கணினி திருத்தும் இளைஞர் ஒருவரை அவர் முன்னரே அழைத்துக் கேட்டிருந்தார். "இதோடு மல்லுக்கட்டி நேரம் போக்க வேண்டாம் டீச்சர், முழுவதையும் போர்மட் செய்து தந்துவிடுகிறேன்" என்பது அவ்விளைஞர் சொன்ன மருந்து. அம்மையாரும் இசையும் தறுவாயில் இருந்தார். அந்தக் கோப்புறைக்குள் என்ன உள்ளது என்று நாம் வினவினோம். "படங்கள்தான். மகளிடம் இருக்கும்" என்றார். இருக்கும் என்பது வேறு, இருக்கிறது என்பது வேறு அன்றோ? அன்று மாலை அம்மேசையின் முன் நாமும் அமர்ந்தோம்.

கணினி ஒரு கோப்பை அழிக்க மறுக்கும்போது நாம் சினம் கொள்கின்றோம். நம் வீட்டுப் பொருளை வெளியே எறிய ஓர் இயந்திரத்திடம் அனுமதி பெறுவதா என்று தோன்றுகிறது. ஆனால் அம்மறுப்பு பெரும்பாலும் காரணமில்லாததன்று. காரணங்களும் எண்ணற்றவையல்ல, ஓர் ஐந்தாறுதாம். அவற்றை அறிந்தால் வன்முறை வேண்டியதில்லை.

முதற் காரணம், அக்கோப்பை வேறொருவர் கையில் வைத்திருத்தல். கூடத்தில் ஒருவர் அமர்ந்திருக்கும் நாற்காலியை நாம் இழுத்தெடுக்க முடியுமா? அதுபோல, ஏதேனும் ஒரு செயலி திறந்து வைத்திருக்கும் கோப்பை விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமை அழிக்க விடுவதில்லை. சில வேளை நாம் அச்செயலியை மூடியிருப்போம். ஆயினும் அதன் ஒரு பகுதி திரைக்குப் பின்னால் இயங்கிக்கொண்டிருக்கும். நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் அக்கோப்பைச் சோதித்துக்கொண்டிருக்கலாம். இணையச் சேமிப்புச் செயலி அதனை மேலே ஏற்றிக்கொண்டிருக்கலாம். பொறுமையுடையோர் சற்று நேரம் காத்திருக்கலாம். இல்லையேல் கணினியை நிறுத்தி மீள இயக்கலாம். பத்தில் ஏழெட்டுத் தடவை இதுவே போதும் என்பது எமது அனுபவம். யார் கையில் உள்ளது என்று அறிந்தே தீரவேண்டும் என்போர் விண்டோஸிலேயே அமைந்துள்ள ரிசோர்ஸ் மொனிட்டர் என்னும் கருவியைத் திறந்து, அதில் கோப்பின் பெயரைத் தேடினால், அதனைப் பற்றியிருக்கும் செயலியின் பெயர் வெளிப்படும்.

இவ்விடத்தில் ஒரு புதுமையைக் குறிப்பிட வேண்டும். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த யுனிக்ஸ் என்னும் முறைமையும், அதன் வழிவந்த லினக்ஸும் வேறு கொள்கை உடையன. அங்கே ஒருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பையும் அழிக்கலாம். பெயர் உடனே பட்டியலிலிருந்து நீங்கிவிடும். ஆனால் திறந்து வைத்திருப்பவர் மூடும்வரை உள்ளடக்கம் தட்டில் இருந்துகொண்டே இருக்கும். பெயர் வேறு, பொருள் வேறு என்ற இந்த வேறுபாட்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அதற்கு வேலை இருக்கிறது.

இரண்டாவது காரணம், உரிமை. ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் யார் என்ற குறிப்பு வன்தட்டில் எழுதப்பட்டிருக்கிறது. பழைய கணினியின் தட்டைக் கழற்றிப் புதிய கணினியில் பொருத்தினால், புதியது பழைய உரிமையாளரை அறியாது. அம்மையார் வீட்டு அலுமாரியில் கணவருடைய இன்னும் பழைய தட்டு ஒன்று இருந்தது. அதனைப் பொருத்தித் திறந்தபோது, அணுக அனுமதி இல்லை என்று திரை கூறிற்று. "முப்பத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவருடைய கடிதத்தைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லையாமே!" என்றார் அம்மையார். இம்முறை அவர் நகைக்கவில்லை.

இதற்குப் பரிகாரம் உண்டு. நிருவாகி என்ற அதிகாரம் கொண்ட கணக்கில் நுழைந்து, கோப்புறையின் பண்புகள் பகுதியில் பாதுகாப்பு என்னும் தாளைத் திறந்து, உரிமையாளர் பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மறைகுறியாக்கம் செய்யப்பட்ட கோப்பாயின், உரிமை மாறினாலும் திறவுகோல் இல்லாமல் வாசிக்க இயலாது. இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. விண்டோஸின் சொந்தக் கோப்புறையில் உள்ளவை அழிய மறுத்தால், அவற்றின்மீது இவ்வித்தையைப் பிரயோகித்தலாகாது. அம்மறுப்பு நம் நன்மைக்கானது. வீட்டுத் தூணை விறகாக்க விரும்புபவரைத் தடுப்பது குற்றமாகுமா?

மூன்றாவது காரணம், பெயர். இதற்குச் சுவையான வரலாறு உண்டு. ஒரு காலத்தில், கொன் என்ற மூன்று ஆங்கில எழுத்துப் பெயரில் எவராலும் கோப்புறை அமைக்க முடியாது என்றும், அதன் மர்மத்தை மைக்ரோசொப்ட் நிறுவனத்தாராலேயே விளக்க முடியவில்லை என்றும் மின்னஞ்சல் வழியே ஒரு கதை உலாவிற்று. மர்மம் ஏதும் இல்லை. கொன் என்பது விசைப்பலகையும் திரையும் சேர்ந்த சாதனத்தைக் குறிக்கும். பிஆர்என் அச்சுப்பொறியையும், ஓக்ஸ் துணைச் சாதனத்தையும், நல் வெறுமையையும் குறிக்கும். 1970களில் சிபிஎம் என்ற முறைமையில் வழங்கிய இவ்வழக்கத்தை, 1981இல் வெளிவந்த டொஸ் ஏற்றுக்கொண்டது. அப்போது டொஸில் கோப்புறை என்பதே இல்லை. அது 1983இல்தான் வந்தது. ஆகவே இப்பெயர்கள் எந்த உறைக்குள்ளும் செல்லாமல் எங்கும் பொதுவாக நின்றன. பழைய செயலிகள் பழுதுபடாதிருக்க, பின்வந்த விண்டோஸும் அவற்றை ஒதுக்கியே வைத்தது. கண்டியில் வார்ட் வீதி தலதா வீதியாகிப் பல காலம் கடந்தும், பழைய பெயரைச் சொன்னால் வழிகாட்டும் முதியோர் இருப்பதைப் போன்றது இது.

வேறு முறைமையில் உருவாகி வந்த கோப்புக்கு இப்பெயர்களுள் ஒன்று இருந்தால், விண்டோஸ் அதனைக் கோப்பென்றே கருதாது, அழிக்கவும் மறுக்கும். பெயரின் ஈற்றில் இடைவெளியோ புள்ளியோ இருந்தாலும் இதே சங்கடம் நேரும். விண்டோஸ் அவ்வீற்றைத் தானே வெட்டிவிட்டுத் தேடுவதால், கண்முன் நிற்கும் கோப்பையே காணவில்லை என்று சாதிக்கும். இத்தகையவற்றைக் கட்டளைச் சாளரத்தின் வழியே நீக்கலாம். கோப்பின் முழுப் பாதைக்கு முன்னால் இரண்டு பின்சாய்கோடு, ஒரு வினாக்குறி, மீண்டும் ஒரு பின்சாய்கோடு என்பவற்றை இட்டு எழுதினால், பெயரை ஆராயாமல் உள்ளபடியே எடுத்துக்கொள் என்பது அதன் பொருள்.

நான்காவது காரணம், நீளம். அம்மையாரின் கோப்புறை இவ்வகையைச் சேர்ந்தது. விண்டோஸில் ஒரு கோப்பின் முழுப் பாதை, அதாவது தட்டின் பெயர் தொடங்கி உறைக்குள் உறையாகச் சென்று கோப்பின் பெயர் முடியும்வரை, ஏறக்குறைய 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. 2016இல் இவ்வரம்பைத் தளர்த்த வழி செய்யப்பட்டதாயினும், அதனை நாமே இயக்கிக்கொள்ள வேண்டும். எல்லாச் செயலிகளும் அதனை மதிப்பதும் இல்லை.

260 என்பது தாராளம் அல்லவா என்று நேயர்கள் எண்ணலாம். இங்கேதான் தமிழர் ஒன்றை அறிய வேண்டும். நாம் கண்டி என்று எழுதினால் நம் கணக்கில் மூன்று எழுத்து. யுனிகோட் முறையில் கணினியின் கணக்கில் அது ஐந்து. ககரம், ணகரம், அதன்மேல் புள்ளி, டகரம், இகரக் குறி என ஒவ்வொன்றும் தனித்தனியே எண்ணப்படும். அம்மையாரின் கணவர் தம் கோப்புறைக்கு இட்டிருந்த பெயர், கண்டி மாவட்டத் தோட்டப் பாடசாலைகளின் பழைய புகைப்படங்கள் என்பதாகும். நமக்கு முப்பது எழுத்தும் ஐந்து இடைவெளியும். கணினிக்கோ 54 குறிகள். லினக்ஸ் முறைமையில் நிலைமை இன்னும் இறுக்கம். அங்கே ஒரு பெயருக்கு 255 பைட் என்பது வழக்கமான எல்லை. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும். எனவே ஒரு பெயரில் 85 தமிழ்க் குறிகளுக்கு மேல் இடமில்லை.

ஆசிரியர் செய்தது இதுதான். புதிதாகப் படம் சேரும்போதெல்லாம் பழைய கோப்புறையை அப்படியே புதியதொன்றினுள் நகர்த்தி, அதற்கும் அதே வகையில் நீண்ட பெயர் சூட்டினார். வெங்காயத்தின் தோல்போல் உறைகள் ஒன்றை ஒன்று மூடின. இத்தகைய பெயர் ஐந்து அடுக்கானால் 270 குறிகள் ஆகிவிடும். ஓர் உறையை மற்றோர் உறைக்குள் நகர்த்தும்போது விண்டோஸ் உள்ளிருப்பவற்றின் மொத்த நீளத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. அழிக்கும் நேரத்திலேதான் விழித்துக்கொண்டு, பெயர் நீளம், என்னால் ஆகாது என்கிறது. நாட்டாண்மை பேசாத நல்ல மனிதர் ஒருவர் தம் உழைப்பை ஒழுங்காக அடுக்கி வைத்தார். அந்த ஒழுங்கே கதவுக்குத் தாழாயிற்று.

இதற்குப் பரிகாரம் எளிது. மேலே உள்ள உறையின் பெயரை அ என்று ஓரெழுத்தாக மாற்றினோம். அதனுள் நுழைந்து அடுத்ததை ஆ என்று மாற்றினோம். இவ்வாறு ஐந்து உறைகளையும் குறுக்கியவுடன், அதுவரை திறக்கவும் மறுத்த உள்ளறை திறந்தது. இனி அழிக்கவும் தடையில்லை. ஆனால் அழிக்குமுன் பார்க்க வேண்டும் அல்லவா? பார்த்தோம்.

மகளிடம் பிரதி உள்ளது என்று நம்பப்பட்ட படங்கள் மேலுறைகளில் இருந்தன. ஐந்தாம் உறையில் இருந்தவற்றுக்கோ எங்கும் பிரதி இல்லை. பிரதி எடுக்கும்போதும் நீளம் தடுத்திருக்கும். எடுத்தவரும் அதனைக் கவனித்திருக்க மாட்டார். தோட்டப் பாடசாலைகளின் மிகப் பழைய படங்கள் அங்கே இருந்தன. தகரக் கூரையின்கீழ் ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கும் படங்கள். செருப்பில்லாத பிள்ளைகள் சிலேட்டை மார்போடு அணைத்து நிற்கும் படங்கள். அவற்றோடு, ஆசிரியர் நோயுற்றிருந்த மாதங்களில் தட்டச்சு செய்து, யாருக்கும் அனுப்பாமல் வைத்த கடிதங்கள் சிலவும் இருந்தன. அவற்றுள் நான்கு அம்மையாரின் பெயருக்கு எழுதப்பட்டவை. நாம் எழுந்து முற்றத்துக்குப் போனோம். அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று நாம் கேட்கவில்லை, அம்மையாரும் சொல்லவில்லை.

கோப்பு அழிய மறுக்காதிருந்தால் அவை போயிருக்கும். இளைஞர் சொன்ன மருந்தைக் கொடுத்திருந்தாலும் போயிருக்கும். அவ்விளைஞரைக் குறைகூற இதனை எழுதவில்லை. அவர் கேட்டது ஒரு கோப்புறையை நீக்கும் வழி. சொன்னதும் அதற்கொரு வழியே. உள்ளே என்ன உள்ளது என்று கேட்க வேண்டியவர் வீட்டுக்காரர்.

எஞ்சிய காரணங்களையும் சுருங்கச் சொல்லி முடிப்போம். ஐந்தாவது, தட்டின் பழுது. மின்சாரம் திடீரென்று நின்றால், எழுதிக்கொண்டிருந்த கணக்கு அரைகுறையாக நின்றுவிடும். சித்திரை மாதத்து மாலை இடிமுழக்கத்தில் கண்டியில் இது புதிதன்று. 2022 மார்ச்சு இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்த நாட்களில் எத்தனை கணினிகள் இவ்வாறு குழம்பின என்பதை அக்காலத்தில் கணினி வைத்திருந்தோர் அறிவர். தட்டின் கணக்கைச் சரிபார்க்கச் செக்டிஸ்க் என்னும் கட்டளை உண்டு. ஆனால் வேண்டியவற்றை வேறிடத்தில் பிரதி செய்த பின்னரே அதனை ஏவ வேண்டும். கணக்கைச் சரிசெய்யும் முயற்சியில் அது குழம்பிய பகுதிகளைக் கழித்துவிடவும் கூடும்.

பென் டிரைவில் எதையும் அழிக்க முடியவில்லை, எழுதவும் முடியவில்லை எனின், அது தேய்ந்து முடியும் தறுவாயில் இருக்கலாம். சில நினைவகங்கள் உயிர்விடுமுன் எழுதும் வாயிலை மூடிக்கொண்டு, வாசிக்கும் வாயிலை மட்டும் திறந்து வைக்கின்றன. அதனுடன் போராடாது, உள்ளதைப் பிரதி எடுத்துக்கொண்டு அதற்கு ஓய்வளித்தல் நன்று. கமராவின் நினைவட்டையாயின், அதன் விளிம்பிலுள்ள சிறு தாழ் பூட்டிய நிலையில் உள்ளதா என்று முதலில் பார்க்க.

ஆறாவது, நச்சுநிரல். அழித்த கோப்பு மறுநொடி மீண்டும் முளைத்தால் ஐயம் கொள்ள வேண்டும். கொம்யூனிகேஷன் கடைகளில் அச்செடுக்கக் கொடுத்த பென் டிரைவ் திரும்பி வரும்போது, கோப்புகள் மறைந்து குறுக்குவழிகள் மட்டும் தெரிவதை மாணவர் பலர் கண்டிருப்பர். அங்கே அழிய மறுப்பது கோப்பு அன்று; அதனைக் காவல் காக்கும் கள்வன். கணினியைச் சேஃப் மோட் என்னும் சிக்கன நிலையில் இயக்கியோ, விண்டோஸ் விழிக்குமுன் சோதிக்கும் டிஃபெண்டர் வசதியைக் கொண்டோ அவனை அகற்ற வேண்டும். அழிய மறுக்கும் கோப்பை நொடியில் அழிப்பதாகக் கூறி இணையத்தில் கிடைக்கும் பெயர் தெரியாத மென்பொருள்களை இறக்கிக்கொள்ளுதல் ஆகாது. ஒரு கள்வனை விரட்ட இன்னொரு கள்வனுக்குச் சாவி கொடுத்த கதையாக அது முடியலாம்.

நிற்க. போக மறுக்கும் கோப்பு பற்றி இவ்வளவு கூறினோம். போய்விட்டது போல நடிக்கும் கோப்பு அதனினும் பொல்லாதது.

அம்மையார் முதல் நாளே அழித்தவற்றுள் வங்கிக் கூற்றுகளும், கணவருடைய வைத்திய அறிக்கைகளும், இருவருடைய தேசிய அடையாள அட்டைப் பிரதிகளும் இருந்தன. மீள்சுழற்சித் தொட்டியையும் வெறுமையாக்கியிருந்தார். "அவையெல்லாம் போய்விட்டன, தம்பி" என்றார். இலவசமாகக் கிடைக்கும், நன்கு அறியப்பட்ட மீட்பு மென்பொருள் ஒன்றை இயக்கினோம். அரைமணி நேரம் சென்றது. வைத்திய அறிக்கை திரையில் வந்து நின்றது. அம்மையார் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார்.

நிகழ்வது இதுதான். பனையோலை ஏட்டில் எழுத்தாணியால் கீறிய எழுத்தை அழிக்க இயலாது. வேண்டாதபோது ஏட்டையே எறிய வேண்டும். வன்தட்டில் கணினி எழுத்தையும் அழிப்பதில்லை, ஏட்டையும் எறிவதில்லை. அட்டவணையில் பெயருக்கு நேரே, இவ்விடம் வெறுமை என்று குறித்துக்கொள்கிறது. கிராம உத்தியோகத்தரின் இடாப்பில் ஒரு குடும்பத்தின் பெயரைக் கீறிவிட்டால் அவர்கள் குடியிருந்த வீடு இடிந்துபோவதில்லை. வேறு குடும்பம் வரும்வரை பாத்திரமும் பண்டமும் உள்ளேயே கிடக்கும். யுனிக்ஸைப் பற்றிக் கூறுகையில் பெயர் வேறு, பொருள் வேறு என்றோமே, அது இங்கும் பொருந்தும்.

இதன் விளைவு சிறிதன்று. அமெரிக்காவில் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இருவர் 2000ஆம் ஆண்டு முதல் 2002 வரை பழைய வன்தட்டுகள் 158ஐ விலைக்கு வாங்கிச் சோதித்தனர். வாசிக்கக் கூடியனவாக இருந்த 129இல், முறையாகத் துடைக்கப்பட்டவை பன்னிரண்டு மட்டுமே என்று 2003இல் எழுதினர். மற்றவற்றுள் கடனட்டை இலக்கங்கள் ஐயாயிரத்துக்கு மேல் கிடைத்தன. வைத்திய விபரங்களும் சொந்தக் கடிதங்களும் கிடைத்தன. விற்றவர்கள் எல்லாரும் அழித்துவிட்டோம் என்றே நம்பியிருப்பர்.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் இயற்றப்பட்டது. தம்மைப் பற்றிய தரவை அழிக்குமாறு நிறுவனங்களைக் கோரும் உரிமையை அச்சட்டம் மக்களுக்கு வகுத்துள்ளது. ஐரோப்பிய நீதிமன்றமும் 2014 மே மாதத்தில், கூகிள் தேடலில் தம் பழைய கடன் விபரம் தோன்றுவதை ஆட்சேபித்த ஸ்பானிய நாட்டவர் ஒருவரின் வழக்கில், அத்தகைய உரிமையை ஏற்றது. நன்று. ஆனால் நம் வீட்டு மேசைமேல் உள்ள கணினியைத் துடைக்க எந்த நீதிமன்றமும் வாராது. அது நம் கடமை.

செய்யும் முறை இதுவாகும். கணினியை முற்றாகக் கைம்மாற்றுவதாயின், விண்டோஸ் அமைப்புகளில் உள்ள மீளமைக்கும் வசதியில் எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தெரிந்து, அதனுடன் தரவைத் துடை என்ற உட்பிரிவையும் தெரிய வேண்டும். உட்பிரிவை விட்டுவிட்டால் முன்னே சொன்ன இடாப்புக் கதையே நேரும். சுழலும் வன்தட்டின்மேல் ஒருமுறை முழுவதும் வேறு எழுத்தை எழுதிவிட்டால் பொதுவாகப் போதும் என்று, அமெரிக்க நியமங்கள் தொழில்நுட்பத் தேசிய நிறுவனம் 2014இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. ஏழு முறை, முப்பத்தைந்து முறை என்பன மிகை. கணினியை வைத்துக்கொண்டு வெற்றிடத்தை மட்டும் துடைக்க விரும்புவோர்க்குச் சைஃபர் என்ற கட்டளை உண்டு. சுழலாத புதுவகை எஸ்எஸ்டி தட்டுகள் தம்முள் எழுத்தை இடம் மாற்றி மாற்றி வைப்பதால், மேலெழுதும் முறை அவற்றுக்கு முழுதும் ஏற்றதன்று. தட்டைச் செய்தவர் தரும் துடைக்கும் கருவியை நாடுதல் நன்று. தொடக்கத்திலேயே மறைகுறியாக்கம் செய்து வைத்திருந்தால் இன்னும் நன்று. திறவுகோலை அழித்தாலே உள்ளிருப்பது எவர்க்கும் பயன்படாத கிறுக்கல் ஆகிவிடும். பழுதுபார்க்கக் கொடுக்கும் கைத்தொலைபேசிக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். வீட்டுப் பெண்பிள்ளைகளின் படங்கள் அதில் அழித்த நிலையிலும் இருக்கக்கூடும் என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது.

இவ்விரு வித்தைக்கும் முன்னே நிற்பது மூன்றாவதொன்று. எதை அழிப்பது, எதை வைப்பது என்று தெரிந்துகொள்ளுதல். அதற்கு எந்தக் கட்டளையும் இல்லை. ஒரு மாலைப் பொழுதும் பக்கத்தில் ஓர் ஆளும் இருந்தால் போதும். இறந்தவர் ஒருவரின் கணினியைத் தனியாக இருந்து துப்புரவு செய்யாதீர்கள் என்று மட்டும் நேயர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். அலுப்பில் அழித்துவிடும் கை, துணை இருந்தால் சற்றே நிற்கும்.

அம்மையார் ஐந்தாம் உறையில் இருந்தவற்றை இரண்டு பென் டிரைவுகளில் பிரதி செய்தார். ஒன்று அவரிடம், மற்றது கொழும்பில் உள்ள மகளிடம். நான்கு கடிதங்களையும் தாளில் அச்சிட்டு, அடையாள அட்டை வைக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதன்பின் தட்டு முழுவதும் துடைக்கப்பட்டது. அதற்கு ஏறக்குறைய ஓர் இரவு பிடித்தது. காலையில் அவர் இன்னொன்று கேட்டார். துடைத்த கணினியில் அப்பாடசாலைப் படங்களை மட்டும் திரும்ப வைக்க முடியுமா என்றார்.

"அந்தப் பிள்ளையுடைய தாத்தாவோ பாட்டியோ அதில் இருக்கலாம், தம்பி. யார் கண்டது?"

வைத்தோம். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாக முச்சக்கரவண்டியில் கணினி ஹந்தானை ஏறிற்று. கோப்புறைக்கு அம்மையார் தாமே பெயர் இட்டார். பள்ளி என்ற ஒரே சொல். நம் கணக்கில் அது மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து.